கையில் இருப்பதைப் பொறுத்தே மேசை

மேசை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மரத்தின் நிறத்தை. அடுத்து இழுப்பறைகளின் எண்ணிக்கை. அப்புறம், அறையில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. உயரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லா மேசையும் ஒரே உயரம்தானே என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் ஒரு மேசை வாங்கினேன். அழகான மேசை. மூன்று மாதம் தினமும் அதில் எழுதிய பிறகு வலது தோள் வலிக்கத் தொடங்கியது. பேனாவை மாற்றிப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துப் பார்த்தேன். கடைசியில் டேப்பை எடுத்து அளந்தபோதுதான் தெரிந்தது: மேசைப் பலகை என் முழங்கைக்கு 9 சென்டிமீட்டர் மேலே இருந்தது. ஒவ்வொரு வரியையும் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

மேசைகள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. எழுதுகிறவர் கையில் என்ன இருந்ததோ அதுதான் ஒவ்வொரு காலத்திலும் மேசையின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. இறகுக்கு ஒரு மேசை, கடிதக் கட்டுகளுக்கு ஒரு மேசை, தட்டச்சுப் பொறிக்கு ஒரு மேசை. இந்தத் தொடர்பு பிடிபட்டுவிட்டால், உங்களுக்கு எந்த மேசை வேண்டும் என்று கண்டுபிடிப்பது சுலபம். அதனால் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மேசையே இல்லாத எழுத்தர்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓர் எகிப்தியச் சிலை இருக்கிறது. சக்காராவில் 1850இல் கிடைத்த சுண்ணாம்புக்கல் சிலை. வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்தர். அவர் முன்னால் மேசை எதுவும் இல்லை. இடுப்புத் துணி இரண்டு தொடைகளுக்கும் நடுவே விறைப்பாக இழுபட்டு நிற்கிறது, அதன்மேல் பாப்பிரஸ் சுருள். எடையே இல்லாத சுருளில் நாணல் குச்சியால் எழுதுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

சீனாவில் எழுதுகோல் தூரிகை. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்று தாராளமாக நகர வேண்டும். நிறைய மை ஏந்திய தூரிகைக்குச் சாய்வுப் பலகை ஒத்துவராது, ஈர மை கீழே வழிந்துவிடும். எனவே அங்கே எழுதவும் வரையவும் தட்டையான, அகன்ற மேசைகள் உருவாயின.

ஐரோப்பா நேர் எதிர்த்திசையில் போனது. அங்கே எழுதுகோல் பறவையின் இறகு. வெட்டிய முனையில் கொஞ்சம் மை தங்கி நிற்கும். இறகை நிமிர்த்திப் பிடித்தால் மை சட்டென்று இறங்கிச் சொட்டிவிடும். படுக்கைவாக்கில் பிடித்தால் நிதானமாக இறங்கும். ஆனால் தட்டை மேசையில் பேனாவைப் படுக்கவைத்தால் முனை தாளில் சரியாகப் பதியாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, பலகையைச் சாய்ப்பது. பலகை சாய்ந்துவிட்டால், இறகு தாளுக்குச் செங்குத்தாகவும் தரைக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். மை சொட்டாது, எழுத்தும் கூர்மையாக விழும்.

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் எழுத்தர்களின் படங்களைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். நன்றாகச் சாய்ந்த பலகை, அதில் துளையிட்டுச் செருகிய மைக்கொம்பு, வலக்கையில் இறகு, இடக்கையில் ஒரு சிறு கத்தி. தோல் சுவடி சுருண்டு எழும்பாமல் அழுத்திப் பிடிக்கவும், பிழையைச் சுரண்டி எடுக்கவும், இறகைச் சீவவும் அந்த ஒரே கத்தி.

மைக்காக வந்த அந்தச் சாய்வு, கழுத்துக்கும் நல்லது செய்தது என்பதைக் கவனியுங்கள். தாள் கண்ணை நோக்கி எழும்பி வருவதால் தலையைக் குனிய வேண்டியதில்லை. பிற்காலப் பேனாக்களின் மைக்குச் சாய்வு தேவைப்படவில்லை, பலகைகளும் காலப்போக்கில் தட்டையாகிவிட்டன. கழுத்தின் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது. நாள் முழுக்கக் கையால் எழுதுகிறவரும் புத்தகம் படித்துக் குறிப்பெடுக்கிறவரும் மேசைமேல் 10 முதல் 15 டிகிரி சாய்ந்த ஒரு பலகையை வைத்துப் பார்க்கலாம். தனியாகச் சாய்வு மேசை வாங்க வேண்டியதில்லை. கீழ்விளிம்பில் பேனா உருண்டு விழாமல் ஒரு சின்னத் தடுப்பு இருந்தால் சரி.

பெட்டிக்குக் கால் முளைத்த கதை

சாய்வுப் பலகை சீக்கிரமே பெட்டியானது. மூடியில் எழுதலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே தாளும் இறகும் மைக்கூடும். பயணத்தில் மடியிலோ கிடைத்த மேசையிலோ வைத்து எழுதலாம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவைத் தாமஸ் ஜெஃபர்சன் 1776இல் எழுதியது அப்படி ஒரு மடி மேசையில்தான். அவரே வடிவமைத்து, பிலடெல்பியாவில் பெஞ்சமின் ராண்டால்ஃப் என்ற தச்சரிடம் கொடுத்துச் செய்துகொண்டது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடியிருக்கும்போது அதன் நீளம் 37 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு நாட்டின் பிறப்புச் சாசனத்துக்கு அவ்வளவு பலகை போதுமாக இருந்தது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

பெட்டியை எப்போதும் மேசைமேல் வைத்து எழுதுகிறவர்கள், அதற்கே கால்கள் பொருத்திக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. பெட்டியின் கீல் மேலே இருந்தது, அதனால் உள்ளே இருப்பதை எடுக்க எழுதிக்கொண்டிருந்த தாளை அகற்ற வேண்டியிருந்தது. கீலைக் கீழ்விளிம்புக்கு மாற்றினார்கள். இப்போது மூடி முன்பக்கம் விழுந்து, வெளியே இழுத்த இரண்டு கட்டைகளின்மேல் அமர்ந்து, தட்டையான எழுதும் பலகையாகிவிடும். உள்ளே இருக்கும் அறைகள் எந்நேரமும் கைக்கு எட்டும். எழுதி முடித்ததும் மேலே தூக்கிப் பூட்டிவிடலாம். கீழே இழுப்பறைகள் அடுக்கினார்கள், மேலே புத்தக அலமாரி வைத்தார்கள். மூடி விழும் மேசைகளின் பெரிய குடும்பம் முழுவதும் இந்தக் கீல் மாற்றத்தின் வாரிசுகள்.

பிரான்சில் இவற்றுக்கு ‘பியூரோ’ என்று பெயர். எழுதும்போது மேசைமேல் விரித்த ‘பியூர்’ என்ற முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து வந்த சொல். துணியின் பெயர் மேசைக்கு வந்தது, மேசையின் பெயர் அது இருந்த அறைக்கு வந்தது, அறையின் பெயர் அலுவலகத்துக்கே ஆகிவிட்டது. அதிகார வர்க்கத்தைக் குறிக்கும் ‘பியூராக்ரசி’ என்ற சொல்லுக்குள்ளும் அந்தத் துணிதான் ஒளிந்திருக்கிறது.

பூட்டி வைக்கும் ஆசையின் உச்சம் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. பதினைந்தாம் லூயி மன்னருக்காக ஷான்-ஃபிரான்சுவா எபென் என்ற தச்சர் 1760இல் தொடங்கி, எபென் இறந்தபின் ரீசனர் என்ற தச்சர் 1769இல் முடித்த சுருள்மூடி மேசை. ஒரே சாவியைத் திருப்பினால் மேசை முழுவதும் திறக்கும். மைக்கூட்டை நிரப்பும் பணியாளுக்கு மட்டும் மன்னரின் தாள்களைத் தொடாமலே அது எட்டும்படி வழி செய்திருந்தார்கள். அலங்காரத்தை மறந்துவிட்டுப் பார்த்தால், யாருக்கு எது எட்ட வேண்டும் என்று இவ்வளவு யோசித்த மேசைகள் அபூர்வம்.

நூறு அறைகளும் ஒரு ஃபைல் அலமாரியும்

19ஆம் நூற்றாண்டில் வியாபாரம் பெருகியது, கடிதங்களும் குவிந்தன. அந்தக் காலத்தில் கடிதத்தை நீளவாக்கில் மடித்து, முதுகில் சுருக்கம் எழுதி வைப்பது வழக்கம். மடித்த கடிதத்துக்குப் புறாக்கூடு போன்ற சின்ன அறை பொருத்தமானது. எனவே அறைகள் கூடிக்கொண்டே போயின. 1874இல் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரில் வில்லியம் வூட்டன் காப்புரிமை பெற்ற மேசையில் நூறுக்கும் மேற்பட்ட அறைகள்! முன்பக்கம் இரண்டு பெரிய கதவுகள், அவற்றுக்குள்ளும் அறைகள். மூடிப் பூட்டினால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். 1882இல் பஃபலோ நகரின் ஏப்னர் கட்லர் தம் வகைச் சுருள்மூடி மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். மரச் சட்டங்களை வரிசையாகத் துணியில் ஒட்டிச் செய்த மூடி, வளைந்த பள்ளத்தில் ஓடி உள்ளே மறையும். பழைய படங்களில் வரும் அலுவலக மேசை என்றால் நம் கண்முன் வருவது அதுதான்.

இத்தனை சிறப்பான மேசை ஒரு தலைமுறைக்குள் வழக்கொழிந்தது. இதன் காரணம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தட்டச்சுப் பொறி வந்தது. கார்பன் தாள் வைத்துப் படிகள் எடுத்தார்கள். 1890களில் தாளை மடிக்காமல் நிமிர்த்தி வைக்கும் ஃபைல் அலமாரி பரவியது. மடிக்காத தாள் புறாக்கூட்டில் நுழையாது. கடிதம் ஒருவருடைய மேசைக்குள் போய்விட்டால் மற்றவர்களுக்குக் கிடைக்காது என்பதையும் நிறுவனங்கள் உணர்ந்தன. தாள்கள் பொது அலமாரிக்குப் போயின. மேசைக்கு எழுதும் வேலை மட்டும் மிச்சமானது. அமெரிக்காவில் 1915 வாக்கில் ‘நவீனத் திறன் மேசை’ என்ற பெயரில் வந்தது வெறும் தட்டைப் பலகையும் சில இழுப்பறைகளும்தான். இன்று அலுவலகங்களில் நாம் பார்க்கும் மேசை இதன் நேர் வாரிசு.

இங்கேதான் உயரச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. தட்டச்சுப் பொறியின் விசைகள் மேசைக்குமேல் நன்றாக உயர்ந்து நிற்கும். எழுதும் மேசையில் அதை வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும். எனவே தட்டச்சுப் பொறிக்கென்றே தாழ்ந்த மேசைகள் செய்தார்கள். எழுதுவதற்கு ஓர் உயரம், தட்டுவதற்கு வேறு உயரம் என்று அந்தக் காலத்து அலுவலகங்களுக்கே தெரிந்திருந்தது. பிறகு கணினி வந்தபோது விசைப்பலகையை எழுதும் மேசைமேலேயே வைத்துவிட்டோம். பலகைக்கு அடியில் இழுக்கும் கீபோர்டு தட்டு வந்தது அதைச் சரிசெய்யத்தான். பழைய கணினித் திரைகள் பின்னால் நீண்டிருந்ததால் மேசைகள் ஆழமாகி, மூலையில் வளைந்தன. தட்டைத் திரை வந்ததும் மறுபடி ஒல்லியாகிவிட்டன.

சரி, இப்போது உங்கள் மேசை

முதல் கேள்வி: அந்த மேசையில் உங்கள் கை எந்த வேலையை அதிக நேரம் செய்யப் போகிறது? எழுதவா, தட்டவா, படிக்கவா? எல்லாம்தான் என்று சொல்லாமல் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கும். மேசையை அதற்குத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது உயரம். உங்கள் நாற்காலியில் பாதம் முழுவதும் தரையில் பதியும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடியுங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதிவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் எண். கையால் எழுத, மேசை அந்த அளவிலோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயோ இருக்கலாம். தட்டச்சு செய்ய, விசைகள் அந்த அளவில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 76 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உயரமானவர்களுக்கு அது பொருந்தும். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருவருடைய எண்ணோ சாதாரணமாக 65 பக்கம் வரும். அந்த வித்தியாசம்தான் என் தோள் வலி. ஏற்கெனவே உயரமான மேசை இருந்தால், நாற்காலியை உயர்த்திப் பாதத்துக்குக் கீழே ஒரு கட்டை வையுங்கள். பாதம் தொங்கவே கூடாது. தாழ்வான மேசையைச் சரிசெய்வது இன்னும் எளிது, கால்களுக்கு அடியில் கட்டை வைத்தால் முடிந்தது. எனவே இரண்டு மேசைகளுக்கு நடுவே தயங்கினால் தாழ்ந்ததை எடுங்கள் என்பது என் கருத்து.

உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தொடைக்கான இடம். பலகைக்கு நேர் கீழே நடுவில் ஓர் இழுப்பறை வைத்த மேசைகள் நிறைய வருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேசை 75, நாற்காலி 45, இடைவெளி 30. பலகையின் தடிமனும் இழுப்பறையும் சேர்ந்து 15 என்றால் மீதி 15. தொடையின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். காலை அசைக்க முடியாது, நாற்காலியை உயர்த்தவும் முடியாது. நடு இழுப்பறை இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இழுப்பறை அடுக்கு உள்ள மேசை எப்போதும் நல்லது. முழங்கால் உள்ளே நீள ஆழத்தில் 45 சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும்.

ஆழம், அகலம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஏ4 தாளின் நீளம் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் முன்னால் முன்கை ஊன்ற இடம் வேண்டும். எழுத மட்டும் என்றால் 60 ஆழம் போதும். திரை ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பதால், கணினியும் இருந்தால் 70 அல்லது 75. அகலம், ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து எழுத 120 இருந்தால் தாராளம்.

உறுதியைக் கண்ணால் சொல்ல முடியாது, கையால்தான் சொல்ல முடியும். மேசையின் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள். காலும் பலகையும் சேரும் இடத்தில் மட்டும் நம்பிக்கை வைத்த மேசை நாளாக நாளாகக் கூடுதலாகத்தான் ஆடும். பின்னால் ஒரு பலகையோ, கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டமோ இருந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். மின்விசையால் உயரும் மேசை என்றால், முழு உயரத்துக்கு ஏற்றியபின் தள்ளிப் பாருங்கள். தாழ்ந்திருக்கும்போது எல்லாமே உறுதியாகத்தான் தெரியும்.

பொருளில் கெட்டி மரமும் நல்ல பிளைவுட்டும் நெடுநாள் உழைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மலிவு. அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும். விளிம்பு பிரிந்து ஈரம் புகுந்தால் உப்பிவிடும். ஒருமுறை பூட்டிய திருகைக் கழற்றிப் பூட்டினால் பிடிப்பு குறையும், ஆக அடிக்கடி வீடு மாறுகிறவருக்கு ஒத்துவராது. நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாக இருந்தால் வருடங்கள் போகப் போகத் தொய்யும். 18 மில்லிமீட்டரைவிட 25 மில்லிமீட்டர் பலகை இதில் நம்பகமானது.

மேற்பரப்பு மினுங்கக் கூடாது. விளக்கு வெளிச்சம் தெறித்துக் கண் களைத்துவிடும். கண்ணாடிப் பலகையில் ஒற்றைத் தாளை வைத்து எழுதிப் பார்த்தால் பேனா வழுக்குவது தெரியும். பழைய மேசைகளில் பலகைமேல் தோல் பதித்தது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், முனைக்கு அடியில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் எழுத்து நன்றாக வரும். பத்துத் தாள்களை அடியில் வைத்தாலே அந்தச் சுகம் கிடைக்கும். முன்விளிம்பு கூராக இருந்தால் முன்கையை அறுக்கும். வளைத்து இழைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மேசையை எங்கே போடுவது என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இடக்கையால் எழுதுகிறவருக்கு வலப்பக்கமிருந்து. இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின்மேலேயே விழும். திரை வைக்கிறவர்கள் ஜன்னலுக்கு முகத்தையும் முதுகையும் காட்டாமல், அது பக்கவாட்டில் இருக்கும்படி போடட்டும்.

நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். முந்தைய நூற்றாண்டுகளில் கணக்கு எழுத்தர்கள் உயர்ந்த சாய்வு மேசைகளில் நின்றே எழுதினார்கள். 1964இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ என்ற வரிசையை வெளியிட்டபோதும் அதில் நின்று வேலை செய்யும் மேசை இருந்தது. ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்ற ஆய்வாளரின் யோசனை அது. ஆட்கள் நாள் முழுக்க ஒரே நிலையில் உறைந்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நாள் முழுக்க நிற்பதும் அதே உறைவுதான், கால் வீங்கும். உட்கார்வதையும் நிற்பதையும் மாற்றி மாற்றிச் செய்ய முடிந்தால் மட்டுமே அந்த மேசைக்குச் செலவழியுங்கள். நிற்கும்போதும் அளவு அதேதான், முழங்கை உயரம்.

கடைசியாக, பழைய மேசை வாங்கத் தயங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தட்டச்சுப் பொறி மேசைகள் இன்னும் ஆங்காங்கே விற்பனைக்கு வருகின்றன. தாழ்ந்தவை என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கால்களை அசைத்துப் பாருங்கள், இழுப்பறையை வெளியே எடுத்து மூலை இணைப்பைப் பாருங்கள், பூச்சி அரித்த துளைகள் இருக்கின்றனவா என்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் விசைப்பலகையை அதன்மேல் வைத்து, தோளைத் தளர்த்தி உட்கார்ந்து தட்டிப் பாருங்கள். நான் இப்போது தட்டச்சு செய்வது அப்படி ஒரு மேசையில். உயரம் 66 சென்டிமீட்டர்.